பூவரசா, செம்பருத்தியா? டெல்டா வீட்டுத் தோட்டத்துக்கு அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2007இல் மன்னார்குடிப் பக்கம், வயலை நிரவி மனை போட்ட ஒரு நகரில் வீடு கட்டினோம். அந்த வருடமே வாசலில் ஒரு பூவரசும் கொல்லையில் ஒரு செம்பருத்தியும் வைத்தேன். இரண்டும் தப்பான இடம் என்பது புரிய எனக்குப் பத்து வருடத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குப் பிறகு புதிதாக வீடு கட்டுகிற சொந்தக்காரர்களும் தெருக்காரர்களும் என்னைக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

ஒன்று மரம், இன்னொன்று பூச்செடி. இரண்டையும் எப்படி ஒப்பிட முடியும்?

முடியும். மனையில் வீடு போக மிஞ்சுவது ஒரு மூலைதான். அந்த மூலையில் நிழல் வேண்டும் என்கிறார் ஐயா, பூஜைக்குப் பூ வேண்டும் என்கிறார் அம்மா. அங்கேதான் இந்தக் கேள்வி பிறக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. இரண்டும் பங்காளிகள். பருத்தி, வெண்டை, துத்தி எல்லாம் சேர்ந்த குடும்பம்தான் இவற்றுக்கும். பூவரசம்பூவைக் கையில் எடுத்துப் பாருங்கள்: ஐந்து இதழ், நடுவில் மகரந்தக் குழல், வெண்டைப்பூவின் அதே சாயல். காலையில் வெளிர் மஞ்சளாக விரியும், நடுவே கருஞ்சிவப்பு. சாயங்காலத்துக்குள் செந்நிறமாக மாறிச் சுருளும். செம்பருத்திப்பூவும் ஒரு நாள் பூதான். ஒரே குடும்பம் என்பதால் பூச்சிகளும் ஒன்றேதான். அதற்குப் பின்னால் வருகிறேன்.

ஒரே ஒரு இடம்தான் காலி. எதை வைப்பது?

அந்த இடம் வீட்டுக்கு எந்தப் பக்கம் என்று முதலில் சொல்லுங்கள். மேற்கு, வடமேற்கு என்றால் பூவரசு. கிழக்கு என்றால் செம்பருத்தி. மற்றதெல்லாம் இதற்கு அடுத்ததுதான்.

காரணம் வெயில். நம் காவிரி டெல்டா வடக்கு அட்சரேகை பத்தேகால் டிகிரிக்கும் பதினொன்றேகால் டிகிரிக்கும் நடுவில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் உச்சிவேளைச் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வரும். அதன்பின் ஆகஸ்ட் கடைசி வாரம் வரை உச்சி வெயில் வடக்குப் பக்கம் சாய்ந்துதான் விழும். அக்னி நட்சத்திரக் காலத்தில் சூரியன் மறைவதும் நேர் மேற்கில் இல்லை, கொஞ்சம் வடக்கே தள்ளி. பிற்பகல் இரண்டு மணியிலிருந்து ஐந்தரை வரை வீட்டைக் காய்ச்சுவது மேற்கு, வடமேற்குச் சுவர்கள் வழியாக வரும் வெயில்தான். அந்த மூலையில் மரம் நின்றால் பிற்பகல் நிழல் கிழக்கே நீண்டு சுவர்மேல் விழும். அதே மரத்தைக் கிழக்கில் வைத்தால் பிற்பகல் நிழல் தெருவுக்குப் போகும். நான் வைத்தது கிழக்கில். என் செலவில் எதிர்வீட்டுக்காரர் கார் நிறுத்திக்கொண்டார்.

செம்பருத்திக்குத் தினம் ஐந்து ஆறு மணி நேர வெயில் வேண்டும், ஆனால் காலை வெயிலாக இருந்தால் அதற்குச் சந்தோஷம். கிழக்குச் சுவர் ஓரத்தில் விடிந்ததிலிருந்து உச்சி வரை வெயில் கிடைக்கும். பிறகு வீட்டின் நிழலே அதற்குக் குடை. மேற்குச் சுவர் ஓரத்தில் வைத்தால், மே மாதம் சுவரின் சூடும் சேர்ந்து இலை தொங்கிப்போகும். நான் வைத்தது அங்கேதான்.

வடக்குப் பக்கம் ஒரு பொறி. கோடையில் அங்கே நல்ல வெயில் விழுவதைப் பார்த்துச் செம்பருத்தி வைப்பார்கள். கார்த்திகை, மார்கழியில் சூரியன் தெற்கே போனதும் வீட்டின் நிழல் செடிமேல் நாள் முழுக்கக் கிடக்கும். பூ நின்றுபோகும். உரம் போடவில்லையே என்று கவலைப்படுவார்கள்.

எவ்வளவு இடம் அடைக்கும்?

தஞ்சாவூர்க் கணக்கிலேயே சொல்கிறேன். ஒரு குழி என்பது 144 சதுர அடி. நன்றாக வளர்ந்த பூவரசின் கிளைப்பரப்பு 25 அடி விரிந்தால் அதன் நிழல் ஏறத்தாழ 490 சதுர அடி, அதாவது மூன்றரைக் குழி. 2400 சதுர அடி மனையில் ஐந்தில் ஒரு பங்கு. செம்பருத்தி ஐந்து அடி அகலத்தில் நின்றுகொள்ளும், குழியில் ஏழில் ஒரு பங்கு வந்தால் அதிகம்.

பூவரசைச் சுவரிலிருந்து பதினைந்து அடியாவது தள்ளி வையுங்கள். செப்டிக் டேங்க், தண்ணீர்த் தொட்டி பக்கம் வேண்டவே வேண்டாம். மேலே மின்கம்பி போகிறதா என்றும் அண்ணாந்து பார்த்துவிட்டுக் குழி வெட்டுங்கள். அவ்வளவு இடம் இல்லை என்றால் பேச்சே இல்லை, செம்பருத்திதான்.

எது சீக்கிரம் பலன் தரும்?

செம்பருத்தி. நர்சரியில் வாங்கிய செடி மண் பிடித்துக்கொண்டால் இரண்டொரு மாதத்தில் பூக்கும். பூவரசில் கை மொத்தப் போத்து, அதாவது வெட்டிய கிளை, நட்டால் ஒரு நாற்காலி போட நிழல் கிடைக்க மூன்று வருடம், கயிற்றுக் கட்டில் போட ஆறேழு வருடம்.

வேம்பும் புங்கையும் இருக்கும்போது எதற்குப் பூவரசு?

வேம்பும் புங்கையும் நல்ல மரங்கள்தான், மறுக்கவில்லை. வேம்புக்குத் தண்ணீர் தேங்கினால் பிடிக்காது. நம்மூரில் ஐப்பசி, கார்த்திகையில் தேங்காத மனை எது? புங்கை தண்ணீரையும் தாங்கும், உப்பையும் தாங்கும். அதை வைப்பவர்களை நான் தடுப்பதில்லை. ஆனால் மாசி பங்குனியில் அது இலையைக் கொட்டிவிட்டுத் துளிர்க்கும், வெயில் ஏறுகிற நேரத்தில் சில நாள் மொட்டையாக நிற்கும். பூவரசு வருடம் முழுக்கப் பச்சை. வாய்க்கால் கரையிலும் கடலோரத்திலும் தானாக வருகிற மரம், இந்த மண்ணுக்குப் புதிதாக எதையும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

மயில்கொன்றையும் தூங்குமூஞ்சியும் வீட்டுப் பக்கத்தில் வேண்டாம். காற்றில் கிளை முறியும்.

எங்கள் மனை வயலை நிரவியது. எது வரும்?

இரண்டும் வரும், ஆனால் குழிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு. நிரவிய மனையில் மேலே மூன்று அடிக்குச் சவுடு மண் அல்லது கட்டட இடிபாடு, அதற்குக் கீழே பழைய வயலின் களிமண். மழைத் தண்ணீர் மேல்மண்ணில் இறங்கிக் களியின்மேல் போய் நின்றுவிடும். மேலே பார்த்தால் காய்ந்த தரை, கீழே குளம்.

பூவரசு இதைச் சமாளித்துவிடும். மூன்று அடிக் குழி வெட்டி அடியில் பழைய மண்ணைத் தொட்டுவிட்டால் போதும், மற்றதை அது பார்த்துக்கொள்ளும்.

செம்பருத்திதான் கஷ்டப்படும். இடிபாட்டில் சுண்ணாம்பும் சிமெண்டும் இருக்கும். அந்த மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. புது இலை மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாகக் கோடு போட்டதுபோல நிற்கும். அதைப் பார்த்துவிட்டு யூரியா போடுகிறவர்கள் உண்டு, நானும் போட்டிருக்கிறேன், ஒரு பிரயோஜனமும் இல்லை. அன்னபேதியை (ஃபெரஸ் சல்பேட்) லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் கரைத்து, அரை எலுமிச்சை பிழிந்து, சாயங்காலத்தில் இலைமேல் தெளித்தால் பத்துப் பதினைந்து நாளில் நிறம் திரும்பும். நிரந்தர வழி, நடும்போதே இரண்டு அடி நீளம், இரண்டு அடி அகலம், இரண்டு அடி ஆழத்துக்கு அந்த மண்ணைத் தூக்கி வெளியே போட்டுவிட்டு வண்டல், மணல், மக்கிய சாணம் மூன்றையும் கலந்து நிரப்புவது. தரையைவிட ஒரு அடி உயர்த்தி மேடாகவே நடுங்கள். அடைமழையில் வேர் அழுகாமல் தப்பும்.

வேதாரண்யம், தலைஞாயிறு என்று கடல் பக்கம் என்றால்?

போர்த் தண்ணீர் உப்பு என்றால் பூவரசைத் தவிர யோசிக்க வேண்டாம். செம்பருத்தி இலை ஓரம் கருகிக்கொண்டே இருக்கும். ஆசை விடவில்லை என்றால் தொட்டியில் வைத்து மழைத் தண்ணீரோ குடிதண்ணீரோ ஊற்றுங்கள்.

பூவரசுக்குப் போத்து நடுவதா, விதைக்கன்றா? கஜா புயலில் நிறைய மரம் விழுந்ததே?

இதற்குக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

நம்மூர் வழக்கம் போத்துதான். ஆறடி உயரக் கிளையை வெட்டி, அடியைச் சாய்வாகச் சீவி, மேல்நுனியில் சாணம் அப்பி, இரண்டடி ஆழத்தில் ஊன்றி மண்ணை மிதித்துவிட்டால் வேலை முடிந்தது. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12 திறந்து, வாய்க்காலில் தண்ணீர் வந்து, ஆடிப்பெருக்கை ஒட்டி ஊன்றினால் அடைமழைக்கு முன்னால் வேர் பிடித்துவிடும். காசு செலவில்லை, ஆடு எட்டாத உயரத்தில் துளிர் வரும். வேலி ஓரத்துக்கும் வாய்க்கால் கரைக்கும் இதைவிட நல்ல வழி கிடையாது.

ஆனால் போத்தில் வந்த மரத்துக்கு ஆணிவேர் கிடையாது. பக்கவேர்கள்தான் பரவிப் பிடித்துக்கொண்டு நிற்கும். விதையில் முளைத்த கன்று முதலில் கீழே இறங்கிவிட்டுத்தான் மேலே பார்க்கும்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா வேதாரண்யம் பக்கம் கரை ஏறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, முத்துப்பேட்டை என்று தென்னந்தோப்புகள் வரிசையாகப் படுத்ததை எல்லோரும் பார்த்தோம். என் வீட்டுப் பூவரசு அன்றைக்கு வேரோடு சாய்ந்து காம்பவுண்டுச் சுவரில் பன்னிரண்டு அடியைத் தள்ளிவிட்டது. அது போத்து வைத்த மரம், சுவருக்கு ஆறடியில் வைத்தது, கீழே நனைந்த சவுடு. குழியைப் பார்த்தேன்: வேர்கள் ஒரு பக்கம் மட்டும் தட்டுபோலப் பரவியிருந்தன, சுவர்ப் பக்கம் ஒன்றுமே இல்லை. எங்கள் தெருமுனை வாய்க்கால் கரையில், தானாக முளைத்த பூவரசு ஒன்று இரண்டு பெரிய கிளையை இழந்துவிட்டு அப்படியே நின்றது. ஒரு மரத்தை வைத்துச் சட்டம் போடவில்லை. ஆனால் வீட்டுக்குப் பக்கத்தில் வைக்க நான் இப்போது விதைக்கன்றைத்தான் சொல்வேன். நிழல் இரண்டு வருடம் தாமதமாகும், ஆகட்டும்.

பழுத்து உலர்ந்த காயை உடைத்து விதையை எடுத்து, தோலை லேசாகக் கல்லில் தேய்த்து, ஒரு இரவு ஊறவைத்துப் போடுங்கள். பெரிய மரத்தடியில் கன்றுகள் தானாகவும் முளைத்துக் கிடக்கும். ஒரு சாண் உயரத்துக்குள் வேர் அறாமல் எடுத்துவிட வேண்டும்.

எந்த மரமாக இருந்தாலும் வருடா வருடம் புரட்டாசியில் கிளை கழித்துவிடுங்கள். தலையை மொட்டையடிப்பது இல்லை. உள்ளே நெருங்கி உரசும் கிளைகளை எடுத்துக் காற்றுக்கு வழி விடுவது.

செம்பருத்திக்குப் புயல் பயம் இல்லை. விழுந்தாலும் நிமிர்த்திக் கட்டினால் சரி.

தண்ணீர் எதற்கு அதிகம்?

பூவரசுக்கு முதல் இரண்டு கோடை மட்டும் வாரம் ஒன்று இரண்டு குடம். பிறகு மறந்துவிடலாம். செம்பருத்திக்குக் கோடையில் தினமும் இல்லாவிட்டாலும் ஒருநாள் விட்டு ஒருநாள் வேண்டும், அது இருக்கும் வரைக்கும். ஊருக்கு அடிக்கடி போகிற குடும்பம் இதை யோசித்துக்கொள்ளட்டும்.

செம்பருத்தியில் மொட்டு வருகிறது, விரியாமல் உதிர்கிறது. ஏன்?

முதலில் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். நாலு நாள் காயவிட்டு ஐந்தாம் நாள் குடம் குடமாக ஊற்றினால் செடி மொட்டைத்தான் முதலில் கைவிடும். அடுத்து, உதிர்ந்த மொட்டைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே பொடிப் பூச்சிகள் ஊர்ந்தால் அது இலைப்பேன். அந்த மொட்டுகளை மண்ணில் விடாமல் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். இரண்டும் இல்லை, இலை மட்டும் தளதளவென்று இருக்கிறது, மொட்டே இல்லை என்றால் சாணமும் யூரியாவும் கூடிவிட்டது, அல்லது வெயில் போதவில்லை.

வருடம் ஒருமுறை தை மாதம், மழை ஓய்ந்ததும், மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிடுங்கள். புதுக் கிளையில்தான் பூ வரும். வெட்ட மனசு வராதவர்கள் வீட்டில் செடி பத்தடிக்குப் போய் மாடியில் இருப்பவருக்குப் பூ கொடுக்கும்.

மாவுப்பூச்சிக்கு என்ன செய்ய?

பங்காளிச் சொத்து இது. செம்பருத்தியில் வெள்ளையாக அப்பியிருந்தால் பூவரசின் குருத்தையும் போய்ப் பாருங்கள், அங்கேயும் இருக்கும். கொல்லையில் வெண்டை போட்டிருந்தால் அதிலும்.

எறும்புதான் துப்பு. தண்டில் எறும்பு வரிசை ஏறினால் பூச்சி இருக்கிறது என்று அர்த்தம். அது கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கும். முதல் நாள் குழாயில் வேகமாகத் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். மோசமான நுனிகளை வெட்டி எரித்துவிடுங்கள். பிறகு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து இலையின் அடியிலும் படும்படி சாயங்காலம் அடியுங்கள். வாரத்துக்கு ஒருமுறையாக மூன்று வாரம். ஒருமுறை அடித்துவிட்டுப் போகவில்லையே என்று கடையில் கடுமையான மருந்து கேட்காதீர்கள். அந்தப் பூவைத்தானே சாமிக்கும் தலைக்கும் வைக்கிறோம், தேன்சிட்டும் அதில்தானே வாய் வைக்கிறது.

பெரிய மரத்துக்கு மருந்து அடிக்க முடியாது, தேவையும் இல்லை. பூவரசடியில் சிவப்பும் கறுப்புமாகக் கூட்டமாக ஊரும் பூச்சியைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். அது விழுந்த விதையைத் தின்ன வருகிற பருத்திச் சிவப்புப் பூச்சி. கடிக்காது.

செம்பருத்திப் புதரில் பாம்பு வருமா?

வயலை ஒட்டிய வீட்டில் எந்தப் புதருக்கும் வரும், எலியைத் தேடி. செம்பருத்தியை அடியிலிருந்து ஒன்றரை அடிக்குக் கிளை இல்லாமல் எடுத்துவிடுங்கள், தரை பளிச்சென்று தெரியட்டும்.

வீட்டில் பூவரசு வைக்கலாமா? வாஸ்து என்ன சொல்கிறது?

என் தாத்தா காலத்தில் மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் ஒன்று நிற்காத வீடு எங்கள் ஊரில் இல்லை. எனக்கு அந்தச் சாட்சி போதும்.

குப்பை எதில் அதிகம்?

பூவரசில். ஒரே அடியாகக் கொட்டாது, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக விழும். வாசல் பெருக்குகிறவர் யாரோ அவரைக் கேட்டுவிட்டு வையுங்கள். எங்கள் வீட்டில் கேட்காமல் வைத்தேன், இன்றுவரை அந்தப் பேச்சு ஓயவில்லை. சருகை ஒரு குழியில் தள்ளி, மேலே கொஞ்சம் சாணக் கரைசல் ஊற்றிவைத்தால் செம்பருத்திக்கு உரம். பச்சை இலை என்றால் தெருவில் ஆடு வைத்திருப்பவரே வந்து கேட்டு வாங்கிப் போவார்.

உபயோகம் எதில் கூட?

செம்பருத்தியின் கணக்கு நேரடியானது. அம்மனுக்கும் பிள்ளையாருக்கும் சிவப்புப் பூ. இலையை அரைத்தால் வழவழவென்று தலைக்குத் தேய்க்க. பூவைத் தேங்காயெண்ணெயில் காய்ச்ச. இந்தக் காரியங்களுக்கு அந்தப் பழைய ஒற்றை அடுக்குச் சிவப்புதான் நல்லது. நர்சரியில் மஞ்சள், ரோஸ், அடுக்கு என்று நிறையக் காட்டுவார்கள், பார்க்க அழகு, அவ்வளவுதான்.

பூவரசு கொடுப்பது மெதுவாகத் தெரியும். பிள்ளைகளுக்கு இலையைச் சுருட்டிப் பீப்பி. பெரியவர்களுக்குப் பூவரச இலையில் வைத்து வேகவைத்த கொழுக்கட்டை, அந்த இலை வாசம் வேறு எதிலும் வராது. மார்கழியில் பூசணிப்பூ கிடைக்காத நாளில் எங்கள் வாசலில் சாணி உருண்டைமேல் பூவரசம்பூதான். பெரிய இலைகளைச் சேர்த்துத் தைத்துத் தையல்சிட்டு கூடு கட்டும். கடைசியில் கட்டை. கருஞ்சிவப்பாக வைரம் பாய்ந்த பூவரசங்கட்டையில் வண்டிச் சாமான்களும் கட்டிலும் செய்தவர்கள் நம்மவர்கள். சாய்ந்த என் மரத்தில் இரண்டு முக்காலி செய்து வைத்திருக்கிறேன்.

வாடகை வீடு. எதை வைக்க?

தொட்டியில் செம்பருத்தி. போகும்போது தூக்கிக்கொண்டு போகலாம்.

மரம் பெரிதாகிவிட்டது. பக்கத்தில் இருந்த செம்பருத்தி பூப்பதே இல்லை. வெட்டிவிடலாமா?

எதை வெட்ட? மரத்தை வேண்டாம். செடியையும் வேண்டாம், இடம் மாற்றுங்கள்.

கஜாவுக்குப் பிறகு மேற்கே விதைக்கன்று பூவரசு வைத்ததும் அங்கே காய்ந்துகொண்டிருந்த செம்பருத்தியை நான் கிழக்கே மாற்றினேன். அப்போது அதற்குப் பதினொரு வயது. தை மாதம், வெயில் ஏறுவதற்கு முன். முதலில் செடியைப் பாதிக்குமேல் வெட்டி முழங்கால் உயரக் கொம்புகளாக்கினேன். வெட்டிய குச்சிகளை எறிய வேண்டாம். நம்மூர்ச் செம்பருத்தியில் விதை பிடிப்பது அபூர்வம், பென்சில் மொத்தக் குச்சியை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி ஊன்றினால் அதுதான் அடுத்த செடி. மூலச் செடி வராவிட்டாலும் கையில் நாலு கன்று இருக்கும். பிறகு சுற்றி ஒன்றரை அடி தள்ளித் தோண்டி, வேர்மண் உதிராமல் ஈரச்சாக்கில் சுற்றித் தூக்க இரண்டு ஆள் வேண்டும். புதுக் குழியில் இறக்கி, மண் தள்ளி, மிதித்து, குளிரக் குளிரத் தண்ணீர்.

காலியான நிழலில் கனகாம்பரம் வையுங்கள். புள்ளி புள்ளியாக வெயில் விழுந்தால் அதற்குப் போதும், வருடம் முழுக்கப் பூக்கும். மரத்தடி வேர்களை வெட்டாமல் சின்னக் குழியாக எடுக்க வேண்டும்.

மாற்றிய செம்பருத்தியில் மிச்சம் இருந்த இலைகள் மூன்றாம் நாள் தொங்கி, வாரத்துக்குள் எல்லாம் உதிர்ந்துவிட்டன. எங்கள் வீட்டில் எல்லோரும் போயிற்று என்றார்கள். கொம்பின் தோலை நகத்தால் கீறிப் பார்த்தேன், உள்ளே பச்சை. அப்படி இருந்தால் தண்ணீரை மட்டும் விட்டுக்கொண்டு காத்திருங்கள். நான்காம் வாரம் கணுவில் துளிர் வந்தது, சித்திரை முதல் தேதிக்குச் சாமி படத்துக்கு இரண்டு பூ.